கூடலூர் கிழார் கண்ட வானம்

முப்பது ஆண்டுகளாகப் புறநானூற்றின் 229ஆம் பாட்டை மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். அதன் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறுவதில் எனக்கு ஒருநாளும் தடுமாற்றம் நேர்ந்ததில்லை. அழல் என்பது கார்த்திகை. முடப்பனை என்பது அனுடம். கயம் என்பது குளவடிவாகிய புனர்பூசம். இவற்றைக் கரும்பலகையில் எழுதி, மாணவர் குறிப்பேட்டில் பெயர்த்தெழுதிக்கொண்ட அளவில் பாடம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். அந்தப் பாட்டிலே விரிந்து கிடக்கும் வானத்தை நான் ஒருமுறையேனும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்பது, கொழும்பிலே பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் என் தம்பி மகள் ஓர் இரவு தொலைபேசியில் கேட்ட கேள்வியாலேயே எனக்கு உறைத்தது.

பாட்டின் செய்தி தமிழ் அறிந்தார்க்குப் புதியதன்று. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர வேந்தன், ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன். அந்நூலைத் தொகுத்த புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், ஒரு பங்குனித் திங்களின் நள்ளிரவில் வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து வீழக் கண்டார். அரசனுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சினார். ஏழாம் நாள் அவ்வரசன் இறந்தான். அந்த ஏக்கமே பாட்டு. ஆயினும் எரிமீன் வீழ்ந்தது என்று மட்டும் சொல்லிப் புலவர் அமையவில்லை. அது வீழ்ந்தபோது வானம் எந்த நிலையில் இருந்தது என்பதை, சாட்சிக் கூண்டில் நின்று வாக்குமூலம் அளிப்பவர் போல, ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். உச்சியில் நின்ற உத்தரம் சாய்ந்தது; அதற்கு எதிரே மூலம் எழுந்தது; அவ்வுத்தரத்துக்கு முன்னே சென்ற மிருகசீரிடம் துறையிலே தாழ்ந்தது; அனுடம் முதலாகப் புனர்பூசம் ஈறாக உள்ள மீன்கள் விளங்கின. பழைய உரைகாரர் தரும் விளக்கம் இது.

"பெரியப்பா, மூலம் எழுகிறது என்று உரையிலே இருக்கிறதே, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு மணித்தியாலம் நின்றேன். வானம் முழுவதும் தேயிலைச் சாயம் ஊற்றினதுபோல் இருக்கிறதே தவிர, மூலமும் இல்லை, முடப்பனையும் இல்லை" என்றாள் பிள்ளை.

நான் சொன்ன மறுமொழியை இங்கே மறைக்காமல் எழுதுகின்றேன். "உரையிலே உள்ளதை எழுது, அம்மா. பரீட்சைக்கு அது போதும்" என்றேன். சொல்லிவிட்டு வெளியே முற்றத்துக்கு வந்தேன். கோமாரியில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து கடற்கரைக்கு நடை தூரம். மேலே மீன்கள் கொட்டிக் கிடந்தன. அவற்றுள் மூலம் எது என்று எனக்கும் தெரியவில்லை. வானம் இல்லாத ஊரிலிருந்து ஒருத்தி அதைத் தேடுகிறாள். வானம் உள்ள ஊரில் இருக்கும் பண்டிதன் ஏட்டைக் காட்டுகின்றான். நாணத்தால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் அவள் விடுமுறைக்கு வந்தாள். நோன்பு மாதம் முடிவதற்குச் சில நாள்களே இருந்தன; ஆதலால் நிலாவும் தேய்ந்து அற்றுப் போயிருந்தது. பங்குனியும் முற்பாதி. நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அவளும், என்னிடம் படிக்கும் மாணவர் மூவரும், துணைக்குக் கரைவலை இழுக்கும் முதியவர் ஒருவரும், நானுமாகக் கடற்கரைக்குச் சென்றோம். கைவிளக்குகளை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் மணலிலே இருந்தோம். கண் இருளுக்குப் பழகுவதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டும்.

உத்தரம் என்பது சிங்க ராசியின் வாற்புறத்தே உள்ள ஒற்றை மீன். உச்சியைக் கடந்து மேற்கே சிறிது சரிந்து நின்றது. தென்கிழக்கே கடலுக்கு மேல், அலை உடையும் கோட்டுக்கு அப்பால், கொடுக்கை உயர்த்திய தேள்போல மூலம் எழுந்துகொண்டிருந்தது. மேற்கே திரும்பினோம், மிருகசீரிடம் இல்லை, மறைந்துவிட்டது. அதற்குச் சற்று மேலே புனர்பூசத்தின் இரட்டை மீன்களும், அவற்றை ஒட்டிச் செவ்வாயும் இருந்தன. அனுடம் தென்கிழக்கிலே நல்ல உயரத்தில் நின்றது. அதைக் கண்டவுடன் மாணவருள் ஒருவன், "சேர், வளைஞ்ச பனைதான்!" என்று கூவினான். முடப்பனை என்னும் சொல்லுக்கு முப்பது ஆண்டுகளாக நான் "அனுடம்" என்று பொருள் சொன்னேனேயன்றி, அனுடம் ஏன் முடப்பனை ஆயிற்று என்று ஒருநாளும் சொன்னதில்லை. காற்றுக்கு வளைந்த பனைகளைக் கண்டு வளர்ந்த பையனுக்கு அதைச் சொல்ல ஒரு பண்டிதன் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் அன்று விளங்கியது. மிருகசீரிடம் துறையிலே தாழ்ந்தது என்று பாட்டில் வருவதைப் பொதுவாக மறைந்தது என்றே பொருள் கொண்டு கடந்துவிடுவேன். எங்கள் கரையிலே நின்று பார்த்தால் அது வயலுக்கும் காட்டுக்கும் பின்னே மறைகின்றது. கடலில் எழுவது மூலமே. சேரநாட்டுக்கோ கடல் மேற்கே உள்ளது. அங்கே மேற்றிசையிற் சாயும் மீன் துறையிலேதான் படியும். புலவர் எந்தக் கரையை மனத்திற்கொண்டு அச்சொல்லை இட்டார் என்பது, கிழக்குக் கரையில் நின்ற எனக்கு, மாறுபட்ட காட்சியைக் கண்டபடியால் விளங்கியது. இதை ஓர் ஆராய்ச்சி முடிபாகக் கூறவில்லை. ஆயினும் நான்கு சுவருக்குள் இருந்து படித்த முப்பது ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத எண்ணம், மணலில் இருந்த அரை மணிப்பொழுதில் தோன்றியது.

கரைவலை முதியவர் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், "எங்களுக்கு எல்லாம் வெள்ளிதான்" என்றார். அவர் சொன்னது பிழையன்று. அந்தப் பாட்டின் பழைய உரைகாரரும் விண்மீனை வெள்ளி என்றே வழங்குகின்றார். உரையாசிரியரின் சொல் பண்டிதர்களிடம் வழக்கொழிந்து, வலை இழுப்பவரிடத்தே வாழ்கின்றது.

இனி நகரத்தின் செய்திக்கு வருவோம். கொழும்பு வானம் சாயம் ஊற்றியதுபோல் இருப்பதற்குக் காரணம் மறைபொருள் அன்று. வீதியை ஒளிரச் செய்யவென்று ஏற்றிய விளக்கின் ஒளியில் ஒரு பகுதி வீதிக்கு வராமல் பக்கவாட்டிலும் மேலேயும் போகின்றது. ஈரமும் உப்பும் தூசும் புகையும் கலந்த காற்றிலே பட்டுச் சிதறி, மீண்டும் கீழே இறங்குகின்றது. அதனால் வானமே ஒரு மங்கலான விளக்காகி விடுகின்றது. மீன்கள் எங்கும் போகவில்லை; நமக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு திரை விழுந்துள்ளது. இக்காலத்து வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளிலே நீல ஒளி மிகுதி. நீலமோ காற்றிலே எளிதாகச் சிதறுவது. செலவு குறைவு என்பதனால் முன்பு ஒன்று இருந்த இடத்தில் மூன்றை ஏற்றுகின்றோம். நல்ல இருளிலே ஒரே நேரத்தில் வெறுங்கண்ணுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மீன்கள் தெரியும். பெருநகரின் நடுவே சில பத்துக்களை எண்ணினாலே அதிகம்.

2016ஆம் ஆண்டு உலகின் செயற்கை ஒளியை அளந்து ஒரு வரைபட நூல் வெளியாயிற்று. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பால்வீதியைத் தம் இருப்பிடத்திலிருந்து காண இயலாது என்று அது கண்டது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், இருளுக்குக் கண் முழுமையாகப் பழகவே இடமில்லாத அளவுக்கு நாடு முழுவதும் ஒளி பரந்துள்ளது என்றும் அது கூறிற்று. 2023இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, பல நாடுகளிலும் பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை எழுதி அனுப்பிய ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகளை வைத்து ஒரு கணக்குச் சொன்னது. வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து என்னும் அளவுக்கு அண்மையாகக் கூடி வருகின்றது. 250 மீன்கள் தெரியும் இடத்திலே பிறக்கும் குழந்தை தன் பதினெட்டாம் வயதில் 100 மீன்களையே காணும். எத்தனையோ கணக்குகளை மறந்துபோகும் எனக்கு இது மறக்கவில்லை. பிறப்புக்கும் பதினெட்டுக்கும் இடையே உள்ள பிள்ளைகள்தாமே எங்கள் வகுப்பிலே இருக்கின்றார்கள்!

1994ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் விடியுமுன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்து நிலம் நடுங்கி மின்சாரம் அற்றபோது, வெளியே ஓடிவந்த மக்களுட் சிலர் வானத்தைக் கண்டு மருண்டு, இது என்ன புதுமை என்று வானாய்வு நிலையத்தைக் கேட்டனர் என்பர். இதைக் கேட்டு நகைப்பவர்க்கு நம் நாட்டுச் செய்தி ஒன்று உண்டு. 2022 மார்ச்சு 31ஆம் நாள் இலங்கையிலே மின்வெட்டுப் பதின்மூன்று மணி நேரம் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் அமாவாசை. அதுவும் பங்குனி மாதமே. என் தம்பி மகள் அப்போது பள்ளி மாணவி. அன்றுதான் வெள்ளவத்தை மாடியிலிருந்து முதன்முதல் வானம் நிறைய மீன்களைக் கண்டாள் என்று சொன்னாள். கூடலூர் கிழார் கண்ட அதே வானம், நாள் தவறாமல், கொழும்பின் மேலே வந்து நின்றிருக்கின்றது. அடுப்பெரிக்க வாயு இல்லை, வண்டிக்கு எண்ணெய் இல்லை. அந்த மீன்களை யார் வாழ்த்துவார்? அவ்வாண்டு யூலையிலே நாட்டின் தலைவர் பதவி நீங்கினார். அதற்கு முன் எரிமீன் ஏதும் வீழ்ந்ததாகச் செய்தி இல்லை.

ஒளி நம்மிடமிருந்து எதைக் கவர்கின்றது என்பதற்குச் சென்னையைச் சொல்லலாம். அங்கே நுங்கம்பாக்கத்தில் 1792இல் ஒரு வானாய்வு நிலையம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்கு நாட்டிய கருங்கற்றூணிலே பிற மொழிகளோடு தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டது. அந்நிலையத்தில் இருந்து டெய்லர் என்பார் 11,015 விண்மீன்களின் இடத்தை அளந்து 1844இல் பட்டியலாக்கினார். 1861இல் பொக்சன் என்பார் ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். அவரிடம் உதவியாளராய் இருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஊரின் நடுவே இருந்துகொண்டு இவ்வளவும் செய்தார்கள். 1899இல் அப்பணி பெரும்பாலும் ஞாயிற்றை ஆராயக் கோடைக்கானல் மலைக்குச் சென்றது. இன்று விண்மீனை ஆராய்வோர் நாடுவது ஜவ்வாது மலைக் காட்டிலுள்ள காவலூரை. 1986இல் அங்கே 2.34 மீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கி திறக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்திலோ வானிலை அலுவலகம் இருக்கின்றது. மழை வருமா என்று கேட்டால் சொல்வார்கள்.

நம் நாட்டின் நிலை சற்று வேடிக்கையானது. யப்பான் அரசு அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996 முதல் மொறட்டுவை கட்டுபெத்தயிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் இருக்கின்றது. அங்குள்ளோர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டிச் செய்யும் தொண்டு பெரிது. அதிற் குறை சொல்லேன். ஆயினும் நாட்டின் நல்ல கண் ஒன்றை, மிக வெளிச்சமான வானத்தின் கீழே வைத்திருக்கின்றோம். 1965இல் கட்டிய கோளரங்கமும் கொழும்பிலேதான். மாணவரைப் பேருந்திலேற்றி, இருளிலுள்ள கிழக்குக் கரையிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோய், கூரைக்கு உள்ளே விண்மீன் காட்டித் திரும்பக் கூட்டிவருகின்றோம். நானும் அப்படி ஒருமுறை போயிருக்கின்றேன்.

இந்தக் குற்றத்தை முழுவதும் விளக்கின் தலையிலே சுமத்துவதும் நீதியாகாது. நாள்மீன் இருபத்தேழின் பெயரையும் சொல்லாத தமிழர் குறைவு. "உமது நட்சத்திரம் என்ன?" என்று கேட்டால் கோயிலிலே அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் குழந்தையும் விடை சொல்லும். "அது எங்கே இருக்கிறது, காட்டு" என்றால் அர்ச்சகரும் விழிப்பார். நான் கேட்டை நட்சத்திரத்திற் பிறந்தவன். அக்கேட்டை, தேளின் நெஞ்சிலே செக்கச் சிவந்து நிற்பது என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின்னர் அந்தக் கடற்கரையிலேதான் கண்டேன். கலியாண வீட்டிலே அருந்ததி பார்க்கும் சடங்கை எல்லாரும் அறிவர். முகூர்த்தம் பகல் பத்து மணி, மண்டபத்துக்கோ கூரை உண்டு, மணமக்களை வாசலுக்குக் கூட்டிவந்து வெயிலிலே ஒரு திசையைச் சுட்டிக்காட்டி, "தெரிகிறதா?" என்று கேட்க, "தெரிகிறது" என்கின்றார்கள். இல்வாழ்க்கையை ஒரு பொய்யோடு தொடங்குவதில் எவர்க்கும் கூச்சமில்லை. ஏழுமுனிவர் கூட்டத்திலே வசிட்டனை ஒட்டி மங்கலாகத் தெரியும் அச்சிறுமீனைப் பங்குனி நள்ளிரவிலே வடக்கே நாங்கள் கண்டோம். பெண்பிள்ளைகள் இருவரும் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

வடக்கே அதற்குக் கீழே பார்த்தபோதுதான் எனக்கு அச்சம் உண்டாயிற்று. துருவமீன் ஓர் ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில் நிற்பது. எங்கள் ஊருக்கு அது ஏறத்தாழ ஏழு பாகை. கையை நீட்டி விரல்களை அடுக்கினால் நான்கு விரலுக்குச் சற்று மேலே. அவ்விடம் முழுவதும் வெளிறிக் கிடந்தது. திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என ஊரோடு ஊர் தொட்டுக் கிடக்கும் எங்கள் கரையின் ஒளியெல்லாம் ஒன்றுகூடி வடகீழ்வானிலே ஒரு வெண்சுவர் எழுப்பியுள்ளது. துருவமீனை நெடுநேரம் தேடி, இருக்கின்றது என்று ஒருவாறு மனந்தேறினோம். தெற்கே அறுகங்குடா விடுதிகளின் ஒளி ஒரு சிறு திட்டாகத் தெரிந்தது. அதற்கு மேலே தென்சிலுவை இன்னும் தெளிவாகவே நின்றது. கொழும்பு எங்களுக்கு நூற்றுக்கணக்கான மைல் அப்பால் உள்ளது என்று இருந்தேன். கொழும்பு இங்கே வந்துகொண்டிருக்கின்றது.

அகத்தியமீன் மட்டும் எந்த ஒளிக்கும் அஞ்சாதது. பங்குனி மாலையிலே தென்வானில் அதைக் கொழும்பிலிருந்தும் காணலாம். தமிழ்முனிவர் ஒருவராவது அங்கே தப்பியிருக்கின்றாரே என்று என் தம்பி மகளிடம் சொன்னேன்.

விடியற்புறம் வரை இருந்தோம். மூலத்தைத் தொடர்ந்து பால்வீதியின் தடித்த பகுதி கடலிலிருந்து எழுந்தது. நான்கரை மணிபோலக் கிழக்கே, கடற்கோட்டிலிருந்து வானுச்சி நோக்கிக் கூம்பிய ஒரு மெல்லிய வெண்மை தோன்றியது. பொத்துவிலைச் சேர்ந்த மௌலவி நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே எனக்கு அதனைப் பற்றிக் கூறியிருந்தார். மெய் வைகறைக்கு முன்னே ஒரு பொய் வைகறை வரும். அது நெடுக்காக நிற்கும், மெய் வைகறையோ அடிவானத்தில் குறுக்காகப் பரவும். நோன்பு பிடிப்பவர் முன்னதைக் கண்டு மயங்கி உணவை நிறுத்த வேண்டியதில்லை, பின்னதைக் கண்டே நிறுத்த வேண்டும் என்று மார்க்க நூல்கள் வகுத்துள்ளன என்றார். ஞாயிற்றைச் சூழக் கோள்களின் தளத்திலே பரந்துள்ள தூசியின்மேல் வெயில் பட்டுத் தெறிப்பதே அப்பொய் வைகறை என்று விஞ்ஞானம் கூறும். பிறை பார்ப்பதற்கு நகர ஒளி பெரிய இடையூறு அன்று. அது அந்திச் செம்மையிலே தோன்றி மறைவது. பொய் வைகறையோ நகரத்தில் அடியோடு இல்லை. மௌலவி முடிவாகச் சொன்னது இது: "கிதாபிலே ஓதிக் கொடுக்கிறோம், ஐயா. பார்த்தவர் எத்தனை பேர்?" எனக்கும் அவருக்கும் நோய் ஒன்றே என்று தெரிந்துகொண்டேன்.

இங்கே ஒரு தடை எழும். அதை எழுப்புவோர் பிறர் அல்லர், எங்கள் ஊரவரே. "இருட்டைப் பட்டணத்தார் புகழலாம், நாங்கள் இருட்டிலே பட்டது போதாதா?" என்று கேட்பர். அது உண்மை. போர்க்காலத்திலே விளக்கை ஏற்ற அஞ்சிக் குந்தியிருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்த இரவுகளில் மீன்கள் நிறைய இருந்திருக்கும், யார் பார்த்தார்? 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்த அன்றிரவு வெளிச்சம் என்று எங்களுக்கு இருந்தது முழுநிலா ஒன்றே. காட்டோரத்து வயலுக்கு யானை வரும். ஒரு விளக்கு ஓர் உயிரைக் காப்பதுண்டு. வேலை முடிந்து பேருந்தால் இறங்கி நடந்துவரும் பெண்பிள்ளைக்குத் தெருவிலே ஒளி வேண்டும். நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்து, "ஆகா, என்ன இருட்டு!" என்று வியந்து, இரண்டு நாளில் திரும்பிப் போவோரின் கூட்டத்திலே நான் சேரமாட்டேன்.

ஆகையால் விளக்கு வேண்டாம் என்பது என் கட்சி அன்று. விளக்குக்கு மூடி வேண்டும் என்பதே. ஒளி நிலத்திலே விழட்டும். யானை நிலத்திலேதான் வருகின்றது. வானத்தை நோக்கி எறியும் ஒளியால் ஒரு பெண்ணும் அச்சம் நீங்கி நடப்பதில்லை. கண்ணிலே குத்தும் வெள்ளொளி அதற்கு அப்பாலுள்ள இருளை இன்னும் கறுப்பாக்குகின்றது. நீலம் மிகுந்த வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் கலந்த ஒளியைப் பயன்படுத்தலாம். கடற்கரையை நோக்கிய விளக்குகளை முட்டையிட வரும் ஆமைகளின் பொருட்டாவது திருப்பி வைக்கலாம். மணலிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சு, வெளிச்சமான பக்கமே கடல் என்று கொண்டு ஊர்கின்றது. கடல்மேல் வானம் நிலத்தைவிட வெளிச்சமாய் இருந்த காலத்தில் அதன் கணக்குப் பிழைத்ததில்லை. இப்போது தெருவை நோக்கி ஊர்ந்து மாள்கின்றது.

இவ்வாறு ஒரு மனு எழுதி, எங்கள் தெருமுனையில் கடலைப் பார்த்து எரியும் விளக்குக்கு ஒரு தகட்டு மூடி போடுமாறு உரிய அலுவலகம் ஒன்றில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டவர் அதை வாசித்துவிட்டு, "விளக்குப் போடச் சொல்லித்தான் மனு வரும், பண்டிதருடையது புதுவிதம்" என்று சிரித்தார். மனு அங்கே இருக்கின்றது. விளக்கும் அவ்வாறே எரிகின்றது. என் வீட்டு வாசல் விளக்குக்கு நானே ஒரு மூடி செய்து போட்டேன். அதைக் கண்ட கரைவலை முதியவர் தம் வாடி விளக்குக்கும் ஒரு தகரத்தை வளைத்துக் கட்டினார். மீன்மேல் அவருக்கு அக்கறை இல்லை. வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் வலைமேல் விழுவதால் முடிச்சுப் போட எளிதாய் இருக்கின்றதாம்.

எங்களைப் போன்ற தமிழாசிரியர்க்கு வேறொரு கடன் உண்டு. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் தேறியவர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். அவர் பிறந்த கரையிலே, தமிழாசிரியனுக்கு வானம் வேண்டா, அது விஞ்ஞான ஆசிரியருடையது என்று நாங்கள் பாகப்பிரிவினை செய்துகொண்டோம். விஞ்ஞான ஆசிரியர் தொலைவையும் நிறையையும் சொல்கின்றார். நாங்கள் பெயரையும் உரையையும் சொல்கின்றோம். இருவரும் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகின்றோம். ஆண்டுக்கு ஓர் இரவு, பங்குனி அமாவாசையை ஒட்டி, சங்கப்பாட்டு ஒன்றைக் கடற்கரையிலே பாடஞ் சொல்லலாம். நம்மிடம் அதற்குப் பணம் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. பாயும் ஒரு குடம் தண்ணீரும் போதும். கண் பழகுவதற்குள் பேசாமல் இருக்கப் பிள்ளைகளைப் பழக்குவதுதான் கடினம்.

வருகின்ற பங்குனிக்கு மாணவர் பன்னிருவர் பெயர் தந்துள்ளனர். என் தம்பி மகள் தன்னோடு படிக்கும் இருவரைக் கொழும்பிலிருந்து கூட்டி வருவதாக எழுதியிருக்கின்றாள். முடப்பனையைக் கண்டு கூவிய பையன், இம்முறை எரிமீன் எண்ணுவதற்கென்று ஒரு குறிப்பேட்டைக் கோடிட்டு வைத்திருக்கின்றான். பன்னிருவருள் ஒரு மாணவிக்கு மட்டும் இன்னும் தகப்பனாரின் இசைவு கிடைக்கவில்லை. அவர்கள் வீடு காட்டோரம். யானை நடமாட்டம் இருக்கின்றதே, நள்ளிரவிலே பிள்ளையை எப்படி அனுப்புவது என்கின்றார். அவர் கேட்பது சரியே. நாளை மாலை அவர் வயலால் திரும்பிய பின் நான் நேரிலே சென்று பேச வேண்டும்.